படலைக் கல்லு

வாங்கோ பிள்ளை, உள்ளுக்கு வாங்கோ. வந்த கையோடை அந்தக் கல்லைத் திருப்பிப் படலைக்கு முட்டு வைச்சிட்டு வாங்கோ. இல்லாட்டில் காத்துக்குப் படலை திறந்து ஆடு றோட்டிலை நிக்கும். ஓம், அதுதான், அந்த வெள்ளைக் கல்லு. பாரமோ? பாரம்தான். முகாமிலையிருந்து பஸ்ஸிலை மடியிலை வைச்சுக் கொண்டுவந்த கல்லு அது. மற்றச் சனம் சட்டிபானை கட்டிக்கொண்டு வர, நான் கல்லுக் கட்டிக்கொண்டு வந்தனான். சிரிக்காதேங்கோ. அந்தக் கல்லிலைதான் கதையே கிடக்கு.

இருங்கோ. கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ, அதிலை ஆட்டுப் புழுக்கை. நீங்கள்தான் புதுசா வந்த உத்தியோகத்தரோ? முந்தி வந்த நிரோசன் தம்பி வேறை இடத்துக்கு மாறிப் போட்டாராம். நல்ல பிள்ளை அவர். ஆட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, ஆனால் நல்ல பிள்ளை.

உங்களை ஆர் அனுப்பினது? மாதர் சங்கத் தலைவியோ? அவதான் சொல்லியிருப்பா. ‘சந்திரமலர் ஆட்டுக்குட்டியைக் குடுத்தாச்சு எண்டு படமும் எடுத்தாச்சு, பின்னை ஏன் அந்தக் குட்டி இன்னும் அவவின்ரை படலையிலை நிண்டு கத்துது’ எண்டுதானே கேக்க வந்தனீங்கள்? கேளுங்கோ. எனக்கென்ன பயம்? நான் சொல்லுறதைக் கேட்டிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கோ.

உங்கடை திட்டம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஆம்பிளைத் துணையில்லாமல் மீளக் குடியேறின வீட்டுக்கு ஒரு மறியாடு. அது போடுற முதல் மறிக்குட்டியை, பெண்குட்டியை, அடுத்த வீட்டுக்குக் குடுக்கவேணும். அந்தக் குட்டி வளந்து போடுறதை அதுக்கடுத்த வீட்டுக்கு. அப்பிடியே ஒழுங்கை முழுக்க ஆடு நடந்து போகும். நல்ல திட்டம்தான், நான் குறை சொல்லேல்லை. ஆனால் எனக்கடுத்த வீடு ஆற்றை வீடு எண்டு உங்கடை பெரியாக்கள் ஒருக்காலாவது யோசிச்சவையோ?

சிவபாக்கியத்தின்ரை வீடு. வரேக்கை கண்டிருப்பியள், வேலிக்கு அங்காலை, ஒல்லியா, நரைச்ச தலையோடை ஒருத்தி. கண்டனீங்களோ? சிரிச்சவளோ? சிரிப்பாள். எல்லாருக்கும் சிரிப்பாள்.

அதுவும் ஒரு விண்ணாணம் பிடிச்ச கதை. எங்கடை பழைய காணியை ஆமி இன்னும் விடேல்லை. இஞ்சை காட்டை வெட்டிப் புதுக்காணி தந்தவை. தரேக்கை ஒரு மூளைசாலி, முகாமிலை கூடாரம் இருந்த வரிசையிலையே காணியையும் பிரிச்சுப் போட்டான். தெரிஞ்ச அயலோடை இருந்தால் சனத்துக்கு ஆறுதலாம். அங்கை அவள் எனக்குப் பக்கத்துக் கூடாரம். இஞ்சை பக்கத்து வளவு. செத்தாலும் பக்கத்துப் பக்கத்திலைதான் தாப்பாங்கள் போலை.

என்ன செய்தவளோ? என்ரை மனுசனைச் சாகடிச்சவள், பிள்ளை. அவள்தான் என்ரை மனுசனைச் சாகடிச்சவள். செல் குண்டு விழேக்கை பங்கருக்கை கிடந்து தப்பினவர், வாய்க்காலுக்கை கழுத்தளவு தண்ணியிலை நடந்து தப்பினவர், கம்பி வேலிக்குள்ளை வந்து, சண்டை முடிஞ்சுது எண்டு மூச்சு விட்டபிறகு, ஒரு வாளித் தண்ணியிலை போனவர்.

நீங்கள் முகாமிலை இருந்தனீங்களோ? இல்லையோ. அப்ப வடிவாச் சொல்லவேணும். அங்கை தண்ணி எண்டால் பவுசர், தண்ணி லொறி. அது எப்ப வரும் எண்டு கடவுளுக்கும் தெரியாது, கொண்டு வாற றைவருக்கும் தெரியாது. அந்த வெய்யிலிலை சனம் எவ்வளவு நேரம் நிக்கிறது? அதாலை வாளியை வரிசையிலை வைச்சிட்டுப் போறது. நிவாரணத்திலை தந்த வெள்ளை வாளி, எல்லாருக்கும் ஒண்டு. சும்மா வைச்சால் செல்லாது. உள்ளுக்கு ஒரு கல்லு வைக்கவேணும். கல்லுக் கிடந்தால் அதிலை ஆள் நிக்கிறதுக்குச் சரி. ஒருத்தரும் தொடேலாது, தாண்டேலாது. கல்லில்லாட்டில் அது வெறும் வாளி. காத்து உருட்டிக்கொண்டு போனாலும் கேக்க வழியில்லை, பின்னாலை நிக்கிறவள் முன்னுக்கு வந்தாலும் கேக்க வழியில்லை. ஆரும் எழுதி வைச்ச சட்டமில்லை. நாங்களே உண்டாக்கின சட்டம். அதை ஆமிக்காரன்கூட மதிச்சவன்.

ஆனால் கல்லுக்கு எங்கை போறது? அது புல்டோசராலை வழிச்செடுத்த செம்மண் வெளி. கல்லுக்குப் பெரிய பஞ்சம். நீங்கள் நம்பமாட்டியள், அங்கை கல்லுக் களவு போனது. ஒரு குடும்பத்துக்கு ஒரு கல்லுக் கிடைச்சால் பெரிய காரியம். வாளிக்கும் அதுதான், கூடாரத்துத் தறப்பாள் பறக்காமல் வைக்கிறதுக்கும் அதுதான். படுக்கேக்கை தலைமாட்டிலை வைச்சுக்கொண்டு படுக்கிறது. அவர் இருந்தாரெல்லோ, குணநாயகம், என்ரை மனுசன், அவர் மலசலகூடக் கிடங்கு வெட்டப் போன இடத்திலை எடுத்துக்கொண்டு வந்து தந்த கல்லுத்தான் அது. படலையிலை கிடக்கிறது. ‘இந்தா சந்திரம், உனக்கு வைரக்கல்லு’ எண்டவர். பகிடிக்காரன்.

பிறகு அவருக்கு வயித்தாலை போகத் தொடங்கீட்டுது. முகாம் முழுக்க அதுதான். ஒரு நாளிலை மனுசன் பாதியாப் போனார். அண்டைக்கு விடியவே கச்சான் காத்து. தறப்பாள் கழண்டு அவரின்ரை முகத்திலை படார் படார் எண்டு அடிக்குது. கையைத் தூக்கித் தடுக்கவும் அவருக்குப் பெலனில்லை. நான் அதை ஒருமாதிரி அமத்தி வைச்சிட்டு, வாளியைக் கொண்டுபோய் வரிசையிலை வைச்சு, கல்லையும் வைச்சிட்டு, மருந்துக்கு ஓடினன். கல்லு வைச்சனான், பிள்ளை. அம்மாளாச்சி மேலை ஆணையா வைச்சனான்.

மருந்துக் கொட்டிலிலை அதைவிடப் பெரிய வரிசை. நிண்டு, நிண்டு, கடைசியிலை ஜீவனிப் பைக்கற்றுகள், அந்த உப்புச்சீனித் தூள், தந்தவை. நல்ல தண்ணியைக் கொதிக்க வைச்சு, ஆறவிட்டு, அதிலை கரைச்சுப் பருக்கட்டாம். சரியெண்டு ஓடி வாறன். பவுசர் வந்திட்டுப் போட்டுது. வரிசை கலைஞ்சிட்டுது. என்ரை வாளி, பிள்ளை, கம்பி வேலியோடை அந்தத் தொங்கலிலை கவுண்டு கிடக்கு. எனக்குப் பின்னாலை வைச்சிருந்த பாக்கியம் நிறை வாளியோடை போறாள்.

எனக்கு வந்த விசருக்கு அந்த இடத்திலையே அவளின்ரை தலைமயிரைப் பிடிச்சன். ‘என்ரை வாளியை ஏனடி எடுத்தெறிஞ்சனி?’ எண்டு கேட்டன். என்ன சொன்னாள் தெரியுமோ? ‘நான் தொடேல்லை அக்கா. நீங்கள் கல்லு வைச்சனீங்களோ?’ எண்டாள். என்னைக் கேக்கிறாள்! கல்லு வைச்சனானோ எண்டு என்னைக் கேக்கிறாள்! சுத்தி நிண்ட சனமும் அதையே பிடிச்சுக்கொண்டுது. ‘கல்லு வைச்சனீரோ, கல்லு வைச்சனீரோ.’ நீங்களும் இப்ப அதைத்தான் கேக்க வாயெடுத்தனீங்கள், எனக்குத் தெரியும். ஒரு வாளி அவ்வளவு தூரம் தன்ரை பாட்டிலை போகுமோ? ஒருத்தி காலாலை உதைக்காமல் போகுமோ?

அவளுக்கும் தண்ணி வேணும்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. அவளின்ரை மகள் பெட்டைக்குச் செல் பட்டு ஒரு கால் முழங்காலோடை போட்டுது, புண் கழுவ வேணும். அதுக்கு? தன்ரை பெட்டைக்குக் கால் கழுவ என்ரை மனுசன் சாகிறதோ?

பின்னேரம் அரைவாளித் தண்ணியைத் தூக்கிக்கொண்டு வாறாள். ‘அக்கா, எங்களுக்கு மிச்சம் காணும், அண்ணைக்குப் பருக்குங்கோ’ எண்டு. குற்றமுள்ள நெஞ்செல்லோ. குற்றம் செய்யாட்டில் ஏன் கொண்டு வாறாள்? நீங்கள் படிச்ச பிள்ளை, நீங்கள் சொல்லுங்கோ. நான் வாளியைக் காலாலை ஒரு தட்டுத் தட்டினன். அவ்வளவும் செம்மண்ணிலை ஊத்துண்டு போச்சு. ‘உன்ரை தண்ணியைக் குடிச்சுச் சீவிக்கிறதிலும் பாக்க அந்தாள் சாகட்டும்’ எண்டனான். அவர் பாத்துக்கொண்டு கிடந்தவர். நாக்காலை உதட்டைத் தடவிக்கொண்டு கிடந்தவர்.

பிறகு பெரியாஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போய்ச் சேலைன் ஏத்தினவை. ‘பிந்திக் கொண்டந்திட்டியள் அம்மா’ எண்டு டொக்டர் சொன்னவர். பிந்தினது ஆராலை? அண்டைக்கு அந்த ஒரு வாளித் தண்ணி இருந்திருந்தால் பிந்தியிருக்குமோ?

செத்தவீடு எண்டு ஒண்டுமில்லை அங்கை. நான் திரும்பி வந்து அவளின்ரை கூடாரத்துக்கு முன்னாலை நிண்டு மண் அள்ளித் திட்டினன். ‘நீ ஒருநாளைக்கு என்ரை வாசலிலை வந்து நிப்பாய். உன்ரை வாயாலை, நான்தான் வாளியை எறிஞ்சனான் எண்டு சொல்லுவாய். சொல்லுமட்டும் நான் சாகமாட்டன்’ எண்டு திட்டினன். அதுக்காகத்தான் அந்தக் கல்லைக் காவிக்கொண்டு வந்தது. இஞ்சை வந்து முதல் வேலையா அதைப் படலையிலை போட்டன். போக வர அவளின்ரை கண்ணிலை படட்டும் எண்டு.

சரி, ஆட்டுக்கு வாறன். அவசரப்படாதேங்கோ, தேத்தண்ணி வைக்கிறன்.

ஆடு வந்தபிறகு முதல் ஈத்திலை கிடாய்க்குட்டி. கிடாய் கணக்கில்லைத்தானே. அடுத்ததும் கிடாய். எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமோ? ஆட்டைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சினனான். ஆட்டுக்கும் தெரியும், அடுத்த வீடு ஆற்றை வீடு எண்டு. வேலிக்கு அங்காலை நிண்டு அவளின்ரை பெட்டை, ஊண்டுகோலிலை, ‘மாமி, என்ன குட்டி, மறியோ?’ எண்டு ஒவ்வொரு முறையும் கேக்கும். ‘கிடாய்’ எண்டு சத்தமாச் சொல்லுவன். பெட்டையின்ரை முகம் சுருங்கிப் போகும். அதுகள் அந்த ஆட்டை நம்பித்தான் இருந்ததுகள். தாய் கூலி வேலைக்குப் போனால் பெட்டை தனிய. ஆடு எண்டால் இருந்த இடத்திலை வைச்சுப் பாக்கலாம். எல்லாம் எனக்குத் தெரியும்.

இந்த மாரிக்குத்தான் மறிக்குட்டி விழுந்தது. கறுப்பு, நெத்தியிலை வெள்ளை. விழுந்தவுடனை முதல் எனக்குப் பத்தி எரிஞ்சுது. பிறகு இருந்து யோசிச்சன். யோசிக்க யோசிக்கச் சிரிப்பு வந்துது. நிரோசன் தம்பிக்குப் போன் அடிச்சு, ‘தம்பி, மறிக்குட்டி போட்டிருக்கு, உடனை வந்து குடுத்துவிடுங்கோ, அடுத்தவையின்ரை சொத்து எனக்கு வேண்டாம்’ எண்டன். அந்தப் பிள்ளை புளுகத்திலை துள்ளாத குறை. அந்தக் கிழமை வெளிநாட்டிலையிருந்து ஆக்கள் வாறதாம், காட்டுறதுக்கு ஒண்டுமில்லாமல் முழிச்சுக்கொண்டிருந்தவராம். குட்டி பால்குடி மறக்கவேணும் எண்டு அவருக்கு ஆர் சொல்லுறது? நான் சொல்லேல்லை. கேட்டால் சொல்லியிருப்பன்.

வந்தவை, பந்தல் போட்டவை, என்ரை கழுத்திலை மாலை. கண்ணும் சரியாத் திறக்காத மாதிரிக் குட்டி. அதுக்கும் ஒரு மாலை. நான் அதைத் தூக்கிப் பாக்கியத்தின்ரை கையிலை குடுத்தன். எல்லாரும் கை தட்டினவை. ஒரு வெள்ளைக்காரி கண்ணைத் துடைச்சவ. பாக்கியம் மட்டும் என்னைப் பாத்தாள். அவள் ஆடு வளத்த குடும்பம். அவளுக்குத் தெரியும், இந்தக் குட்டி தாய்ப் பாலில்லாமல் நிக்காது எண்டு. எனக்குத் தெரியும் எண்டும் அவளுக்குத் தெரியும்.

அடுத்தநாள் விடிய வந்து படலையிலை நிண்டாள், குட்டியும் கையுமா. ‘அக்கா, ஒருக்காப் பால் குடிக்க விடுங்கோ’ எண்டு.

அந்த ஒரு வசனத்துக்கு நான் எத்தினை வரியம் காத்திருந்தனான், பிள்ளை!

உடனை திறக்கேல்லை. ஏன் திறக்கிறது? முத்தம் கூட்டினன். அடுப்பு மூட்டினன். தேத்தண்ணி ஊத்தி, அவளுக்குத் தெரியக் குந்தியிருந்து ஆறுதலாக் குடிச்சன். தாயாடு உள்ளை நிண்டு கத்துது, குட்டி வெளியிலை நிண்டு கத்துது. வரிசையிலை நிக்கிறது எண்டால் என்னெண்டு அவள் படிக்கட்டும். பிறகு கல்லைக் காலாலை மெல்லத் தள்ளி, குட்டியை மட்டும் உள்ளை விட்டன். அவள் வெளியிலை. என்ரை வளவுக்குள்ளை அவளின்ரை கால் படக்கூடாது.

காலமையும் பின்னேரமும் இதுதான். அவளும் ஒருநாளும் முகம் சுளிச்சதில்லை, அதுதான் எனக்கு இன்னும் கொதி. நிக்கிற நேரத்திலை என்ரை வேலியிலை சரிஞ்ச கதியாலை நிமித்திக் கட்டுவாள். என்ரை ஆட்டுக்குக் குழை முறிச்சுக்கொண்டு வந்து படலையாலை நீட்டுவாள். தாய்க்குப் பால் ஊறவேணும் எண்டு கணக்குப் பாத்துத்தான் செய்யிறாள், என்னிலை பாசத்திலையோ? ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். வரேல்லை. நான் படலையிலையே நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். தேத்தண்ணி ஆறிப்போச்சு. எனக்கு வந்த கோவம்! என்ன துணிச்சல், வராமல் விடுறதுக்கு? பெட்டை ஊண்டுகோலோடை குட்டியைக் கொண்டு வந்தது. அதுக்கு உடனை திறந்து விட்டனான். அதோடை எனக்கென்ன கதை?

இனி நேத்து நடந்ததுக்கு வாறன். இதைக் கவனமாக் கேளுங்கோ, இதைத்தான் நீங்கள் மேலிடத்துக்குச் சொல்லவேணும்.

நேத்துக் காலமை நான் படலை திறக்கேல்லை. ‘இண்டையிலையிருந்து பால் இல்லை. உண்மையைச் சொல்லு, திறக்கிறன்’ எண்டன். ‘என்ன உண்மை அக்கா?’ எண்டாள். ‘உனக்குத் தெரியும்’ எண்டன். திரும்பிப் போட்டாள். மத்தியானம் மழை பிடிச்சுது. தாயின்ரை மடி கல்லு மாதிரி இறுகிப் போச்சு, தொடவே விடுதில்லை. பின்னேரம் மழைக்குள்ளை வந்து நிண்டாள். குட்டியைச் சேலைத் தலைப்பாலை மூடி நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு. குட்டி கத்தேல்லை. கத்தப் பெலனில்லை. தலை அவளின்ரை முழங்கையிலை தொங்குது. வேலிக்கு அங்காலை பெட்டை அழுற சத்தம் கேக்குது.

நான் தாழ்வாரத்திலை நிண்டு, ‘சொல்லு’ எண்டன்.

குட்டியைக் குனிஞ்சு பாத்தாள். பிறகு சொன்னாள், பிள்ளை. இந்தக் காதாலை கேட்டனான். ‘ஓம் அக்கா. நான்தான். உங்கடை வாளிக்குள்ளை இருந்த கல்லை எடுத்துக் கம்பிக்கு அங்காலை எறிஞ்சிட்டு, வாளியை உதைச்சு விட்டனான். நான்தான். இப்ப படலையைத் திறவுங்கோ’ எண்டாள்.

திறந்தன். ஓடிப்போய்த் திறந்தன், மழைக்குள்ளை. குட்டி எழும்பி நிக்கேல்லை. அவள் உள்ளுக்கு வந்திட்டாள், நானும் மறிக்கேல்லை. அவள் குட்டியைத் தூக்கிப் பிடிக்க, நான் மடியைக் கசக்கிக் குட்டியின்ரை வாய்க்கை பாலைப் பீச்சினன். ரெண்டு பேரும் நனைஞ்சுகொண்டு. கொஞ்சத்தாலை வாலை ஆட்டிச்சுது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டை போட்டாள்.

வெண்டிட்டன் எண்டு நினைச்சன். அவரின்ரை படத்துக்கு முன்னாலை விளக்குக் கொளுத்திச் சொன்னனான், ‘பாத்தியளே, ஒத்துக்கொண்டிட்டாள்’ எண்டு. சொல்லிப்போட்டு, காத்துக்குப் படலை அடிக்குது எண்டு கல்லை வைக்கப் போனன். குனிஞ்சு கல்லைத் தூக்கினாப் பிறகுதான் பிள்ளை எனக்கு விளங்கிச்சுது. அவள் என்னைப் பேய்க்காட்டிப் போட்டாள்!

கல்லைக் கம்பிக்கு அங்காலை எறிஞ்சவளாம். எந்தக் கல்லை? கம்பிக்கு அங்காலை போனால் ஆர் போய் எடுக்கிறது? அங்காலை ஆமிச் சென்றி. கால் வைச்சால் சுடுவான். எறிஞ்ச கல்லு எப்பிடி என்ரை படலையிலை கிடக்கும்? அந்தா கிடக்கே, நீங்கள் இப்ப உங்கடை கையாலை தூக்கின கல்லு! அண்டைக்கு நான் மருந்தோடை வந்து குனிஞ்சு கூடாரத்துக்கை போகேக்கையும் அது தறப்பாளுக்கு மேலைதானே, அவரின்ரை தலைமாட்டிலைதானே…

சரி, அது கிடக்கட்டும்.

என்ன பிள்ளை, என்னை அப்பிடிப் பாக்கிறியள்? தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது. நான் சொல்லுறது என்னெண்டால், அவள் பொய்க்காரி. ஒரு நேரப் பாலுக்காகப் பொய் சொன்னவள். இவ்வளவு காலம் காத்திருந்து வாங்கின ஒரு வாக்குமூலம், அதுவும் பொய். நீங்கள் மேலிடத்திலை சொல்லுங்கோ, குட்டி குடுத்த கதை இன்னும் முடியேல்லை எண்டு. அவள் திரும்ப வந்து, உண்மையைச் சொல்லவேணும். என்ன உண்மையோ? உண்மைதான். அண்டைக்கு நடந்த உண்மை. அவள் சொல்லவேணும். நானில்லை. நான் ஏன் சொல்லுறது?

அந்தா, குட்டியின்ரை சத்தம். வந்திட்டாள்.

நீங்கள் இருங்கோ, எழும்பாதேங்கோ. கல்லிலை கை வைக்காதேங்கோ, பிள்ளை. அவள் கொஞ்ச நேரம் நிக்கட்டும்.